பின்னால் நின்றவர்கள்

திங்கட்கிழமை நீங்கள் மூன்று பேரும் வந்து உட்காரப்போகும் மேசைகளில் ஜன்னலை ஒட்டியது என்னுடையது. மதியத்துக்கு மேல் வெயில் நேராகத் திரையில் விழும். பழைய காலண்டர் அட்டை ஒன்றைச் செருகி வைத்திருக்கிறேன், எடுத்துவிடாதீர்கள். கீழே பெயிண்ட் கடையில் கலவை இயந்திரம் ஓடும்போது மேசை லேசாக அதிரும். பழகிவிடும்.

எந்தப் பொத்தானை எங்கே அழுத்துவது என்பதெல்லாம் சில வாரங்களில் கைக்கு வந்துவிடும். அதை நான் எழுதப்போவதில்லை. நேற்று எனக்கு விடைகொடுக்கக் கேக் வெட்டியபின் புதியவர்களுக்கு நாலு வார்த்தை சொல்லச் சொன்னார்கள். எனக்கு வாய் வரவில்லை. பக்கத்து மேசை நஸ்ரீன் மட்டும், "இவளுக்கா பேச்சு வரல? மைக்க உடைச்சிருப்பாளே" என்றாள். சிரித்துக்கொண்டு வந்துவிட்டேன். அதனால் எழுதுகிறேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இதை அடக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது, சொல்லவும் விருப்பமில்லை. தாடிக்கொம்பு தாண்டி உள்ளே போகும் மண்பாதையில் எங்கள் காலனித் தெரு. அங்கிருந்து பேருந்து ஏறி வந்து, கணினி முன்னால் உட்கார்ந்து, இயந்திரங்களுக்குப் பாடம் தயாரிக்கிறேன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. அந்தப் பெருமை இப்போது எங்கே நிற்கிறது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

நம் வேலை என்னவென்று உங்கள் வீட்டில் கேட்பார்கள். நான் இப்படித்தான் சொல்வேன்: குரல், படம், கைப்பட எழுதிய மனு எல்லாம் கலந்துகட்டிக் குவியலாக வரும். அதை அப்படியே கொடுத்தால் இயந்திரத்துக்குப் புரியாது. குரலை எழுத்தாக்கி, படத்தைப் பிரித்து, இது இன்னது என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் ஒட்டிக் கொடுக்க வேண்டும். அதைப் பார்த்து அது கற்றுக்கொள்ளும். இத்தனையையும் கையால் செய்ய முடியாது என்பதால் ஏதாவது ஒரு கிளவுட் சேவையை, அதாவது வேறொரு கம்பெனியின் கணினிகளை இணையம் வழியாக, வாடகைக்கு எடுக்கிறோம். எந்தச் சேவையை எடுப்பது என்று முடிவு செய்கிற அந்த ஒரு நாள்தான் நம் வேலையிலேயே முக்கியமான நாள். மற்ற நாட்களில் நாம் செய்வதெல்லாம் அந்த முடிவு இழுக்கிற பக்கம் போவதுதான்.

சேர்ந்த முதல் வருடம் சிறுமலை வாழைத் தோட்டங்களிலிருந்து வந்த இலைப் படங்களைத் தயார் செய்தோம். இலையைப் படம் எடுத்து அனுப்பினால் என்ன நோய் என்று சொல்லும் செயலி ஒன்றுக்காக. நாங்கள் எடுத்திருந்த சேவை மங்கலான படங்களைத் தானாகவே ஒதுக்கிவிட்டது. மிச்சம் வந்தவை கண்ணாடி மாதிரி இருந்தன. எல்லோருக்கும் மகிழ்ச்சி. செயலி வெளிவந்த பிறகு மலைமேல் இருக்கிற ஒருவருக்கும் அது சரியாகச் சொல்லவில்லை. மேலே எப்போதும் பனிமூட்டம், கையில் இருப்பது பழைய போன். மலையிலிருந்து வந்த படம் என்றாலே அது மங்கலான படம்தான். அடிவாரத்துத் தோட்டங்கள் மட்டும் தேறி, மலை முழுவதும் குப்பைக்குப் போயிருந்தது.

அன்றைக்கு நஸ்ரீன் சொன்னதை நான் மறக்கவில்லை. "இம்புட்டுச் சுத்தமா வந்தப்பவே யோசிச்சிருக்கணும்டி. என்னையப் பொண்ணு பாக்க வந்தன்னிக்கு எங்க வீட்டுக் கூடம் எப்படி இருந்துச்சு? அம்புட்டுச் சாமானும் கட்டிலுக்கு அடியில கெடந்துச்சு."

அதற்குப் பிறகு எந்தச் சேவையைப் பார்த்தாலும் நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்து, "கட்டிலுக்கு அடியில என்ன?" என்று கேட்டுக்கொள்வோம். அதே கேள்வி சில வருடம் கழித்து என் வீட்டு வாசலில் வந்து நிற்கும் என்று அப்போது தெரியவில்லை.

தண்ணீர் லாரி அனுப்பும் ஓர் அறக்கட்டளை எங்களிடம் வந்தது. பெயர் வேண்டாம். போர்வெல் வற்றிப்போன ஊர்களுக்குக் கோடையில் லாரியில் தண்ணீர் கொடுப்பவர்கள். ஊர்கள் நிறைய, லாரிகள் கொஞ்சம். லாரியின் பின்பக்கம் ஒரு வாட்ஸ்அப் எண் எழுதியிருக்கும். தண்ணீர் இல்லாதவர்கள் அதற்குக் குரல் பதிவோ படமோ அனுப்பலாம். அதுவரை அவர்கள் அலுவலகத்தில் ஆட்கள் உட்கார்ந்து கேட்டு, எந்த ஊருக்கு முதலில் என்று முடிவு செய்தார்கள். இனி அதை இயந்திரம் செய்ய வேண்டும். அதற்கான பாடத்தை நாங்கள் தயாரிக்க வேண்டும். எந்தக் கிளவுட் சேவையில் செய்யலாம் என்று பரிந்துரைக்கும் பொறுப்பை முதலாளி பாய் என்னிடம் கொடுத்தார்.

பாயைப் பற்றி உங்களுக்குத் தெரியும். அவர் குடும்பத்தில் எல்லோரும் தோல் வியாபாரம்; அவர் ஒருவர்தான் தரவுப் பக்கம் வந்தவர். அவர் பொறுப்பை ஒப்படைத்த விதமும் அவர் பாணிதான். "நீயே பாத்துச் சொல்லும்மா. சரியா வந்தா நான் சொன்னேன்னு சொல்லிக்கிறேன். தப்பா வந்தா நீ சொன்னேன்னு சொல்லிடுவேன்."

கடைசியில் இரண்டு சேவைகள் தேறின. முதலாவதில் எங்களுக்கு வேலையே இல்லை. அறக்கட்டளையின் வாட்ஸ்அப் கணக்கை அதோடு இணைத்துவிட்டால் போதும். குரல்கள் எங்கள் கைக்கே வராமல் நேராக அங்கே போகும். அதுவே எழுத்தாக்கும், இரைச்சலை எடுக்கும், ஒரே மாதிரி வந்தவற்றில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கழிக்கும், பெயர் ஒட்டும். சந்தேகமானவற்றை மட்டும் எங்களிடம் சரிபார்க்க அனுப்பும். இரண்டாவது சேவை முரட்டுத்தனமானது. ஒவ்வொரு படியையும் நாமே எழுத வேண்டும், நாமே ஓட்ட வேண்டும். மெதுவாகப் போகும். ஆனால் எதைக் கழித்தாலும் கழித்ததை ஒரு பக்கம் அடுக்கி வைத்திருக்கும், போய்ப் பார்க்கலாம்.

சோதனைக்காக ஒரு பகுதிக் குரல்களைத் தந்தார்கள். இரண்டிலும் போட்டுப் பார்த்தேன்.

முதலாவதிலிருந்து வந்ததைப் பார்த்து அறையே எழுந்து வந்து நின்றது. அத்தனை அழகு. ஊர்ப் பெயர், என்ன குறை, எத்தனை அவசரம், எல்லாம் வரிசையாக. அதில் எங்கள் தெருவும் இருந்தது. மாரியக்காவின் குரல். அது யார் குரல் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

மாரியக்கா எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு. பூப்பறிக்கும் வேலைக்குப் போகிறவர். எங்கள் தெருவில் வாய் என்றால் அவர்தான். ரேஷன் கடையில் சண்டை, மின்கம்பம் சாய்ந்தது, பேருந்து நிற்காமல் போனது, எதுவானாலும் அவர்தான் முன்னால் போவார், அவர்தான் பேசுவார். மற்ற எல்லோரும் பின்னால் போய் நிற்பார்கள். ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். ஆனால் எல்லோரும் வந்து நிற்பார்கள். அடுப்பை அணைத்துவிட்டு வந்து நிற்பார்கள். ஒருவர் பேசினால் போதும், நிற்கிற தலைகளைப் பார்த்து அதிகாரிகள் புரிந்துகொள்வார்கள் என்பது எங்கள் தெருவின் கணக்கு. வயதுக்கு வந்த நாளிலிருந்து நானும் அந்தக் கூட்டத்தில் நின்றிருக்கிறேன்.

அந்தக் குரல் பதிவு இப்படி இருந்தது: "ஐயா, கும்பிடுறோமுங்க. காலனித் தெருவுல இருந்து பேசுறோம். போர்ல தண்ணி நின்னு போச்சு. தோட்டத்துக்காரரு மோட்டாரு போட்டாத்தான் எங்க வீட்டுல ஒல கொதிக்கிது. அவரு எப்பப் போடுவாருன்னு புள்ளைகளக் கொடத்தோட ஒக்கார வச்சிருக்கோம். நாப்பது வீடும் நிக்கிறோமுங்க. பாத்துச் செய்ங்க."

முதல் சேவையில் இது ஒரே ஒரு தடவை இருந்தது. சரிதான் என்று நினைத்தேன். பிறகு இரண்டாவது சேவையில், கழித்தவற்றை அடுக்கி வைத்திருக்கும் பக்கத்தைத் திறந்தேன்.

மாரியக்கா, மாரியக்கா, மாரியக்கா. திரையை உருட்ட உருட்ட அதே பதிவு. ஒவ்வொன்றும் வேறு வேறு எண்ணிலிருந்து. மாரியக்கா பேசியதை எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறார். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் அதை எடுத்து அந்த லாரி எண்ணுக்கு ஃபார்வேர்டு செய்திருக்கிறார்கள். அவர்களைப் பொறுத்தவரை அது ஃபார்வேர்டு இல்லை. மாரியக்கா முன்னால் போய்விட்டார், நாம் பின்னால் போய் நிற்கிறோம். அவ்வளவுதான்.

அந்த வரிசையில் ஓர் எண் எனக்கு மனப்பாடம். அதற்கு எதிரே 'நகல், நீக்கலாம்' என்று இருந்தது. அது அம்மாவின் எண்.

நஸ்ரீனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் வெகுநேரம் பார்த்துவிட்டு, "கட்டிலுக்கு அடியில உங்க தெருவே கெடக்குடி" என்றாள். சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

இயந்திரம் எதைப் பார்த்து அவசரத்தை முடிவு செய்யப்போகிறது என்று எங்களுக்குத் தெரியும். ஓர் ஊரிலிருந்து எத்தனை தனித்தனிக் குரல் வருகிறது என்பதற்கு அதில் பெரிய எடை. நாற்பது வீடு நிற்கிற தெரு, ஒரே ஒரு ஆள் குறைசொல்லும் தெருவாக ஆகிவிட்டது. பக்கத்து ஊர்களிலிருந்தும் இதே மாதிரி ஒருவர் பேசி எல்லோரும் அனுப்பியது இருந்தது. நகரத்தை ஒட்டிய குடியிருப்புகளில் மட்டும் ஒவ்வொருவரும் தனித்தனியாக, கோபமாக, தெளிவாகப் பேசியிருந்தார்கள்.

நான் இரண்டாவது சேவையைப் பரிந்துரைத்தேன். குரலை ஒன்றாக வைத்துக்கொள்வோம், ஆனால் எத்தனை போன்களிலிருந்து வந்தது என்ற எண்ணையும் பக்கத்தில் வைப்போம் என்று எழுதினேன். இதைவிட எளிய யோசனை ஒன்றை நான் என் வேலையில் சொன்னதில்லை.

அறக்கட்டளைக்குத் தொழில்நுட்ப ஆலோசகர் ஒருவர் இருந்தார். சென்னையிலிருந்து வீடியோவில் வந்தார். கெட்டவர் இல்லை, கேட்ட கேள்விகள் நியாயமானவைதான்.

"மேடம், ஃபார்வேர்டு எல்லாத்தையும் எண்ண ஆரம்பிச்சா, ஒருத்தர் பத்து சிம் வாங்கி தன் தென்னந்தோப்புக்கு லாரிய வரவெச்சிடுவார். போன வருஷம் அப்படி நடந்திருக்கு."

"நடக்கும் சார். அதுக்காகத்தான் கழிச்சதப் பாக்கணும்னு சொல்றேன். எது பத்து சிம், எது நாப்பது வீடுன்னு ஆள் பாத்தாத் தெரிஞ்சிடும். முதல் சேவையில பாக்கவே முடியாது. எண்ணிக்கை மட்டும் சொல்லும், என்னத்தக் கழிச்சோம்னு காட்டாது."

"அந்தப் பதிவுலயே நாற்பது வீடுன்னு வருதே?"

"வருது சார்."

"யார் வேணும்னாலும் நாற்பது வீடுன்னு சொல்லலாம் இல்லையா?"

"சொல்லலாம் சார். அதனாலதான் நாப்பது பேரும் அனுப்பியிருக்காங்க."

அவர் கொஞ்சம் யோசித்தார். என் பக்கம் சாய்வது எனக்குத் தெரிந்தது. அப்புறம் திரையில் இருந்த ஊர்ப் பெயரைப் படித்துவிட்டுக் கேட்டார். "ஒரு விஷயம். இவ்வளவு உள்விவரம் தெரியுதே, இது உங்க ஊரா?"

பாய் என்னைப் பார்த்தார். நஸ்ரீன் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஆமா சார். எங்க தெரு. அதுல ஒரு நம்பர் எங்க அம்மாவோடது."

கீழே கலவை இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. "அப்ப இதுல நீங்க நடுநிலையா இருக்க முடியாது மேடம்," என்றார் அவர், மரியாதையாகவே. நிதி தருகிறவர்களுக்கு முன்னால் இதை ஓட்டிக் காட்ட வேண்டிய நாள் நெருங்கிவிட்டது என்றும், முதல் சேவையே போதும் என்றும் சொன்னார். பாய் தலையாட்டினார்.

மாடிப்படியில் பாய் என்னை நிறுத்தினார். "ஏம்மா, கேட்ட ஒடனே ஆமான்னு சொல்லணுமா?"

"பொய் சொல்லணுமா பாய்?"

"பொய் சொல்லச் சொல்லல. செத்த நேரம் இருமியிருக்கலாம்ல? நெட்டு போச்சுன்னு சொல்லியிருக்கலாம்ல? அதுக்குள்ள நான் சிறுமலை வாழைய எடுத்து விட்டிருப்பேன். மலைக் கதையக் கேட்டுட்டு ஊர்க் கதையக் கேட்டிருந்தா அந்த ஆளு ஒத்துக்கிட்டிருப்பாரு."

அவர் சொன்னது சரியாக இருக்கலாம். நெருக்கடியில் கைக்கு முதலில் கிடைக்கிற உதாரணத்தை எடுக்காமல், கேட்பவர் சந்தேகப்பட முடியாத உதாரணத்தை எடுக்க வேண்டும். இதை நீங்கள் கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் என் ஊரா என்று கேட்டால் இன்றைக்கும் நான் ஆமாம் என்றுதான் சொல்வேன். அந்தத் தெருவிலிருந்து வந்ததால்தான் அது எனக்குக் கண்ணில் பட்டது. கண்ணில் பட்டதற்குக் காரணமே சொல்லத் தகுதியில்லாமல் போனதற்கும் காரணமானால், பிறகு யார்தான் சொல்வது?

அப்போது பாய் இன்னொன்றும் சொன்னார். "எங்க அத்தா மண்டியில ஓட்ட விழுந்த தோலத் தூக்கிப் போட மாட்டாரு. தனியா அடுக்கி வைப்பாரு. வாங்குறவன் பாத்துட்டு வேணாம்பான், அது வேற. ஆனா பாத்துட்டுச் சொல்லணும்." சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். இவ்வளவு தெரிந்தவர்தான் மறுநாள் முதல் சேவைக்குக் கையெழுத்துப் போட்டார். இந்த வாடிக்கையாளர் போனால் அறையில் பாதி மேசை காலியாகும் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் அவரைக் குறை சொல்லவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். இயந்திரம் பார்த்துக் கற்கும் பதிவுகளின் தொகுப்பை மூட இன்னும் சில நாட்கள் இருந்தன. எந்த ஊருக்கு முதலில் என்று அது அதை வைத்தே முடிவு செய்யும். அதற்குள் ஒவ்வொருவரும் தங்கள் குரலில் பேசி அனுப்பினால் இயந்திரம் தனித்தனியாக எண்ணிக்கொள்ளும். இது முறையா என்று நஸ்ரீன் கேட்டாள். தங்கள் தண்ணீருக்குத் தாங்களே பேசுவதில் முறைகேடு என்ன என்று கேட்டேன். அவளும் யோசித்துவிட்டுச் சரி என்றாள்.

வறண்ட தொட்டியடியில் எல்லோரும் கூடினார்கள். சொன்னேன். மாரியக்காதான் கேட்டார்.

"எம்பேச்சுல என்னாத்தா குத்தம்?"

"குத்தமில்லக்கா. எல்லாம் ஒரே பேச்சா இருக்குன்னு மிசின் ஒண்ண மட்டும் வச்சுக்கிருது."

"அப்ப மத்த இம்புட்டுச் சனமும் எங்க போச்சு?"

பின்னாலிருந்து ஒருத்தி, "மாரியக்கா வாய்க்கே பூட்டுப் போட்டாச்சு. இனி ஊரு தாங்காது" என்றாள். சிரித்தார்கள். இன்னொருத்தி, "நான் போனு பேசுனா எம்மகனே பாதியில வச்சிருவான். மிசினு எம்புட்டு நேரந்தான் கேக்கும்?" என்றாள். அதற்கும் சிரித்தார்கள். மாரியக்கா மட்டும் சிரிக்கவில்லை.

"என்ன பேசணும்னு சொல்லிக் குடு தாயி" என்று கேட்டார்கள். நான் சொல்லிக் கொடுத்தால் மறுபடியும் எல்லாம் ஒரே பேச்சாகிவிடும். "உங்க வீட்டுல என்ன கஷ்டமோ அதச் சொல்லுங்க, போதும்" என்றேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தங்கள் வீட்டுக் கஷ்டத்தைத் தனியாக, முகம் தெரியாத ஒரு போனிடம் சொல்வது அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு இப்போது புரிகிறது. கூட்டத்தின் பின்னால் நிற்பதற்கு வெட்கம் இல்லை. தனியாக முன்னால் போய்க் கேட்பது கையேந்துவது மாதிரி.

அம்மாதான் முடித்துவைத்தது. "எம்மக சொன்னாச் சரியாத்தான் இருக்கும். அந்த மிசினுக்கே இவதான பாடஞ் சொல்லிக் குடுக்குறா." அப்படிச் சொல்லும்போது அம்மா சுற்றி எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தது. எனக்கும் கூச்சமாக இல்லை. தலை நிமிர்ந்துதான் நின்றேன்.

தொகுப்பை மூடிய பிறகு முதல் வேலையாக, சரிபார்க்க எங்களிடம் வந்த குவியலில் எங்கள் தெருவிலிருந்து வந்தவற்றைத் தேடினேன். சொன்ன சொல் தவறாமல் அநேகமாக எல்லா வீட்டிலிருந்தும் அனுப்பியிருந்தார்கள். எல்லாம் வேறு வேறு குரல். ஒன்றுகூட நகல் என்று கழியவில்லை. ஒரு நிமிடம், நாம் ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். பிறகு கேட்க ஆரம்பித்தேன்.

"மாரியக்கா சொன்னதுதானுங்க."

"எங்க வீட்டுக்கும் அதேதான், மாரியக்கா சொல்லுச்சுல்ல."

"வணக்கமுங்க. மாரியக்கா சொன்னதுதான். வேற ஒண்ணுமில்ல. வச்சிரவா?"

இப்படியே போனது. போனைக் கையில் பிடித்து, தொண்டையைச் செருமி, யாரோ பக்கத்தில் "பேசு பேசு" என்று முடுக்க, ஒவ்வொருவரும் வந்து, தங்களுக்குத் தெரிந்த ஒரே விதத்தில், மாரியக்காவுக்குப் பின்னால் நின்றிருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே இயந்திரம் 'விவரம் போதாது' என்று ஒட்டியிருந்தது.

மாரியக்காவின் பதிவைத் தேடினேன். இல்லை. போன் செய்தேன்.

"நான் எதுக்குத்தா பேசணும்? எம்பேச்சு ஒத்துக்கிரலன்னு நீதான சொன்ன. அவுகவுக பேசட்டும்னு வாய மூடிக்கிட்டேன்."

"அப்படிச் சொல்லலக்கா. நீங்களும் பேசணும்க்கா."

"சரி, இப்பப் பேசவா?"

நேரம் முடிந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. "பேசுங்க" என்றேன். பேசி அனுப்பினார். அது எங்கே போனதோ தெரியாது. ஏற்கெனவே அனுப்பியிருந்த பழைய பதிவு வேறு மாதத்துக் கணக்கில் ஒற்றை ஆளாக இருந்தது. அவர் சொன்னது ஓரிடத்தில், 'அவர் சொன்னதுதான்' என்பது வேறிடத்தில். இரண்டையும் சேர்த்துப் பார்க்க அந்தச் சேவையில் வழியில்லை.

ஆலோசகருக்கு எழுதினேன். கவனத்துக்குக் கொண்டுவந்ததற்கு நன்றி என்றும், தனிப்பட்ட ஓர் ஊருக்காக விதியை மாற்ற இயலாது என்றும் பதில் வந்தது. பாயிடம் காட்டினேன். படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடியும் படித்தார். "இனிமே என்னம்மா செய்ய முடியும்" என்றார். அது கேள்வியில்லை.

இதிலிருந்து நான் உங்களுக்குச் சொல்ல வேண்டிய பாடம் ஒன்று இருக்கிறது. சேவையைத் தேர்ந்தெடுக்கும்போது அது எதைத் தருகிறது என்று காட்டுவார்கள். அதைப் பார்த்து மயங்காமல், எதைக் கழிக்கிறது, கழித்ததைத் திறந்து காட்டுமா என்று கேளுங்கள். காட்டாது என்றால் வேண்டாம் என்று எழுதுங்கள். எழுத்தில் கொடுங்கள். நான் அப்படித்தான் செய்தேன். சரியாகவே செய்தேன். சரியாகச் செய்தால் சரியாக முடியும் என்று உங்களிடம் சொல்ல எனக்கு ஆசைதான். என் கையில் அதற்கு ஓர் உதாரணமும் இல்லை.

இயந்திரம் இப்போது வேலை செய்கிறது. நகரத்தை ஒட்டிய குடியிருப்புகளுக்கு லாரி ஒழுங்காகப் போகிறதாம். நிதி கொடுத்தவர்களுக்குத் திருப்தி. அடுத்து வேறு மாவட்டங்களுக்கும் இதையே கொண்டுபோகிறார்கள். அந்த வேலையைத்தான் திங்கட்கிழமை உங்களிடம் கொடுப்பார்கள். நான் கோயம்புத்தூரில் வேறோர் அலுவலகத்துக்குப் போகிறேன். அங்கேயும் இதே வேலைதான். எனக்கு வேறு வேலை தெரியாது.

ஒன்றை மட்டும் கடைசியில் வைத்திருந்தேன். தெருவிலிருந்து வந்தவற்றில் அம்மாவுடையது 'விவரம் போதாது' என்பதில் இல்லை. அதனால் முதலில் என் கண்ணில் படவில்லை. இயந்திரம் சரி என்று ஏற்றுக்கொண்டவற்றில் தனியாகத் தேடி எடுத்தேன். மற்றவர்களைப் போல இல்லாமல் அம்மா தெளிவாக, நிதானமாகப் பேசியிருந்தது. எழுத்தாக்கியதில் ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை.

"வணக்கமுங்க. எம்மக செல்வி அங்கதான் வேல பாக்குது. எங்க கஷ்டமெல்லாம் அதுக்கே தெரியும். அது பாத்துக்கிரும். எங்களுக்கு ஒண்ணும் கொறயில்லீங்க."

இயந்திரத்துக்கு இதில் கொஞ்சமும் சந்தேகம் இல்லை. அதனால் சரிபார்க்கக்கூட எங்களுக்கு அனுப்பவில்லை. 'புகார் இல்லை' என்று ஒட்டி, உள்ளே எடுத்துக்கொண்டது.

எங்கள் தெருவுக்கு லாரி வருவதில்லை. ஏன் வரவில்லை என்று அம்மா இதுவரை என்னிடம் கேட்கவில்லை.